தூண்மேல் இருந்தவர்

பெயர், பிறந்த தேதி, பங்கு,
ஞானத்தந்தை கெர்வாஸ் லோபோ
எல்லாம் எழுதிவிட்டேன்.
ஐந்தாவது கட்டம் மூன்று வெள்ளிக்கிழமையாகக் காலி:
நீ தெரிந்துகொள்ளும் புனிதர்.

ஆயர் எங்கள் பங்குக்கு வந்த வருடம்
எனக்கு அம்மை போட்டிருந்தது.
அப்புறம் கடல், அப்புறம் ஐடிஐ, அப்புறம் கத்தார்.
உறுதிப்பூசுதல் சர்ட்டிபிகேட் இல்லாமல்
கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன் என்று
சாமியார் ரெனில்டா வீட்டில் சொல்லிவிட்டார்.
அதனால்தான், முப்பத்திரண்டு வயதில்,
மெசைமீரில், சிலுவை வெளியே தெரியாத கோயிலில்,
பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு
முட்டி இடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்களுக்குச் சுலபம்.
கோவாக்காரப் பெண்ணுக்கு செசிலியா, கீபோர்டு வாசிக்கிறாளாம்.
கால்பந்துப் பையன் செபஸ்தியாரை எடுத்துக்கொண்டான்.
மணிலாச் சிறுமிக்கு பெர்பெத்துவா,
கையெழுத்துப் போட நன்றாயிருக்கிறதாம்.
"அங்கிள், நீங்க?"
எனக்குத் தெரிந்த புனிதருக்கெல்லாம்
எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.
சவேரியார் மாமா, லூர்து சித்தி,
அந்தோணி மட்டும் மூன்று பேர்,
அதில் ஒருவர் எனக்குக் கடன் பாக்கி.

என் வேலை டவர் கிரேன்.
லுசைலில், தரையிலிருந்து நூற்றெண்பது மீட்டர்.
விடிகாலை நாலரைக்கு ஏணி.
சோற்றுப் பொட்டலம், தண்ணீர்,
மூத்திரத்துக்கு ஒரு காலி லபன் பாட்டில்.
இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும்,
இறங்குவதில்லை.
மூடுபனி நாளில் கீழே உலகம் இருக்காது.
காதில் கெர்வாஸ் மட்டும் இருப்பான்:
ஷ்வய், ஷ்வய்... இன்னும் ஒரு சாண்... கலாஸ்.

போர்மேன் நிஸார், அலெப்போக்காரர்,
டீ குடிக்கும்போது கேலியாகச் சொன்னார்:
எங்கள் பக்கம் உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தான்,
தூண்மேல் ஏறி முப்பத்தேழு வருடம் இறங்கவில்லை.
சாப்பாடு கயிற்றில் போகும்.
ஓவர்டைம் கிடையாது.
செத்த பிறகு தூணைச் சனங்கள் சுரண்டிச் சுரண்டி
இப்போது ஒரு உருண்டைக் கல்தான் மிச்சம்.

தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார் என்பது
கேட்ட பேச்சு.
தூண்மேல் இருந்தவரைக் கேட்டதில்லை.
அன்றிரவு கேம்ப் கட்டிலில் படுத்துத் தேடினேன்.
சிமியோன்.
காலில் ஆறாத புண், வெயில்,
யோசனை கேட்டு வந்த ராஜாக்கள்.
எல்லாம் பிடித்திருந்தது, ஒரு வரி தவிர.
அம்மா பார்க்க வந்தாளாம்.
மாட்டேன் என்றாராம்.
தூணடியிலேயே உயிர் போனதாம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

போன மார்ச்சில், கொக்கியில் நாலு டன் கம்பி தொங்க,
கண்ணாடியோரம் சாய்த்து வைத்த இதே போன்.
பெட்டிக்குள் அம்மா.
போனுக்குள் பெட்டி.
அக்கா முதல் பிடி மண் போடும்போது
கெர்வாஸுக்கு ஒன்றும் தெரியாது,
சொல்லிக்கொண்டிருந்தான்:
ஷ்வய், ஷ்வய்.

அந்த வெள்ளியும் கட்டம் காலி.

எர்மெலிந்தா டீச்சர் கடைசித் தேதி சொன்ன அன்று
பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி எழுதினேன்:
சிமியோன், தூண்மேல் இருந்தவர்.
அவர் மறுத்தார்.
எனக்கு லீவு மறுக்கப்பட்டது.
இரண்டும் ஒன்றில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும்,
ஒரே நாளில் சொல்லித் தீராது.
சண்டை போடவும் ஒரு புனிதர் வேண்டியிருக்கிறது.

ஆயர் தைலம் தொட்ட விரலோடு
அந்தப் பெயரில் ஒரு நொடி நின்றார்.
என் வலது தோளில் கெர்வாஸின் கை.
இரண்டு வருடமாகக் குரலாக மட்டும் இருந்தவனுக்கு
இவ்வளவு கனமான உள்ளங்கை.

மறுநாள் நாலரைக்கு ஹெல்மெட்டை மாட்டினேன்.
வியர்த்ததும் பட்டை நெற்றியில் வழுக்கியது,
தைலமா வியர்வையா தெரியவில்லை.
அறுநூற்றுச் சொச்சம் படி.
பாட்டிலை மறக்கவில்லை.