கூட்டக் குறிப்பில் எழுதாமல் விட்டவை

அடுத்த கேப்டன் யார் என்று கேட்டதும்
தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது,
வழக்கம்போல், நிறுத்தாமல்.

சிலோவே தீவின் தென்கரையில்
மரச்செதில் போர்த்திய நானூறு வீடுகளுக்கு
நாங்கள்தான் தீயணைப்புப் படை.
சம்பளம் கிடையாது.
மாதச் சந்தாவை நாங்கள் கட்டுகிறோம்,
நெருப்புக்குள் நுழையும் உரிமைக்கு.
வெளியூர்க்காரரிடம் இதைச் சொன்னால்
காது சரியில்லையோ என்று
இன்னொரு முறை கேட்பார்.

அன்று இருபத்தாறு பேர்.
முழங்கால் இனி ஒத்துழைக்காது என்று
பதினேழு வருடச் சாவிக்கொத்தை
மேசைமேல் வைத்துவிட்டார் நோல்பெர்த்தோ கார்கமோ.
ஒரு பொருளை இத்தனை பேர்
இத்தனை கவனமாகப் பார்க்காமல் இருந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

ரெமிஹியோ கோப்பையின் அடியில் எதையோ தேடினார்.
தபால்காரி டெல்மிராவுக்குச் சட்டைக் கையில்
திடீரென்று ஒரு நூல் பிரிந்தது.
நேரமில்லை என்றார் ரொட்டி சுடுகிறவர்.
படிப்பில்லை என்றார் படகு கட்டுகிறவர்.
மூத்தவர்கள் இருக்கும்போது என்று
இழுத்தான் போன மாதம் சேர்ந்த எலிசேயோ.
இளையவர்கள் வரட்டுமே என்றார்கள் மூத்தவர்கள்.
மரியாதை சுற்றிச் சுற்றி வந்து
சாவிக்கொத்தின்மேல் தூசியாய் இறங்கியது.

இத்தனைக்கும் இது
வீட்டையே அடியோடு பெயர்த்து
கயிறு கட்டி, காளை பூட்டி
ஊரே சேர்ந்து மேட்டுக்கு இழுத்துப் போகிற தீவு.
அங்கேயும் இப்படித்தான்:
நூறு கைகள் பிடித்திருக்கும் வடம்
ஒருவர் குரல் கொடுக்கும்வரை
சேற்றில் தளர்ந்து கிடக்கும்.

நான் செயலாளர்.
‘மௌனம், ஒன்பது நிமிடம்’ என்று எழுதி
அடித்தேன்.
பிறகு, சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்:
மீன் சந்தைக்கு எதிர்க் குழாய்முனை
எந்தப் பக்கம் திருகினால் திறக்கும்?

ரெமிஹியோவின் கை
வாய்க்கு முன்னால் பதில் சொன்னது.
காற்றில் இடப்பக்கம் அரைச் சுற்று.
“அப்புறம் ஓர் உதை.”

பர்ரியா வீட்டில் இரவு யார் எங்கே தூங்குகிறார்கள்?
“பின்னறையில் ரெண்டு பிள்ளைகள்.
கதவைத் தட்டாதே, நாய். ஜன்னலைத் தட்டு.”
டெல்மிரா நூலை மறந்திருந்தாள்.

மூன்று மணிச் சைரனுக்கு
வண்டியை யார் முதலில் கிளப்புவது?
“அடுப்பு மூட்ட நான் முழித்துத்தானே இருக்கிறேன்”
என்றார் நேரமில்லாதவர்.

செத்துக் கிடந்த வயர்லெஸ் எப்படிப் பேசுகிறது?
எலிசேயோவின் காது சிவந்தது.
“யாரும் கேட்கவில்லை. அதனால் சொல்லவில்லை.”

இருபத்தாறு பேரிடம்
இருபத்தாறு துண்டாக இருந்தார் கேப்டன்.
அதைச் சேர்த்துக் கேட்கத்தான் ஆளில்லை
என்று நினைத்துக்கொண்டே
அடுத்த கேள்விக்கு வாய் திறந்தேன்.

டெல்மிரா குறுக்கே வந்தாள்:
“எல்லார் கையையும் தூக்க வைக்கிறாயே,
உன் கை எங்கே?”

பேனா இருக்கிறது, என்றேன்.

“கீழே வை.”

யாரோ சிரித்தார்கள். யாரோ பெஞ்சை இழுத்தார்கள்.
படகு கட்டுகிறவர் சாவிக்கொத்தை
மேசைமேல் என் பக்கம் தள்ளினார்,
உப்புக் கிண்ணம் தள்ளுவதுபோல.
நடுக்கத்தோடுதான் எடுத்தேன்.
துணிச்சல் என்று இதை யாரும் எழுத வேண்டாம்.

இந்தப் பக்கத்துக்குப் பிறகு
குறிப்பேட்டில் எழுத்து மாறியிருக்கும்;
கோணலாக, பிழையாக, அழுத்தமாக.
பேனாவை எடுத்துக்கொண்டவன் எலிசேயோ.
யாரும் சொல்லவில்லை.

கொத்தில் பதினோரு சாவிகள்.
ஒன்றுக்குப் பூட்டு எது என்று
நோல்பெர்த்தோவுக்கே தெரியாதாம்.
நாளை மாலை ஆறு மணிக்குத் தேடப் போகிறோம்.
வருகிறவர்கள் பூட்ஸோடு வரவும்,
பின்கட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது.