மூன்று, இரண்டு, ஆறு

ஜனவரி. வார்தோவில் சூரியன்
விடுப்பில் போய் ஏழு வாரம்.
இன்று இந்த ஊரில் நேரே ஒளி விழுவது
என் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்
வாய்க்குள் மட்டும்.

வாயைத் திறந்தபின் யாரும் பொய் சொல்வதில்லை.
சொல்வதெல்லாம் அதற்கு முன்பே.
"தினமும் நூல் போடுகிறேன், தூருன்,
ஒரு நாள் தவறாமல்."
ஆர்ன்ஃபினின் ஈறு
நான் தொட்டதும் சிவந்து கசிகிறது.
முகத்துக்கு வராத வெட்கம்
அங்கேதான் வரும் போலும்.

அளவுக்கோலின் நுனியை
ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்குகிறேன்.
மூன்று. இரண்டு. மூன்று.
மாரித் கணினியில் தட்டுகிறாள்.
நான்கு. நான்கு.
ஆறு.
ஆறு என்றதும் அவர் புருவம்
என்னைப் பார்த்து ஏறுகிறது.
ஆறு மில்லிமீட்டரைக்
கடலில் யாரும் ஆழம் என்று சொல்லமாட்டார்கள்.
இங்கே ஒரு கடைவாய்ப்பல் மூழ்க
அது போதும்.

நண்டுப் படகுக்காரர்.
மேசைபோல் தட்டையான அந்தப் பற்கள்
மென்று தேய்ந்தவை அல்ல,
தூக்கத்தில் அரைத்தவை.
தம்பியின் படகு திரும்பாத அக்டோபரிலிருந்து
மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு
நாளைத் தள்ளுகிறார் என்பார்கள் மீன்சந்தையில்.
அவர்களுக்கு அது ஒரு பேச்சு.
எனக்கு அது
இடது மேல்வரிசையில் ஒரு விரிசல்.
"இரவில் போட ஒரு கவசம் செய்யலாம்,
டாக்டரிடம் சொல்கிறேன்.
தேய்வதை ப்ளாஸ்டிக் தேயட்டும்."
கொப்பளித்துத் துப்பி,
துப்பியதை ஒரு கணம் பார்த்து,
"சரி" என்றார்.
அவருக்கு அது பெரிய பேச்சு.

அடுத்தது ஐலெர்ட், பத்தொன்பது வயது.
மேலுதட்டுக்கு அடியில் எப்போதும்
ஒரு புகையிலைப் பொட்டலம்.
அந்த இடத்துத் தோல், பாத்திரம் துலக்கிய கைபோல
வெளுத்துச் சுருங்கி.
"பல் நீளமாகியிருக்கு பாருங்க" என்கிறான் பெருமையாக.
பல் வளரலை தம்பி.
ஈறு உன்னை விட்டு ஓடுது.
சிரித்தான். கதவு சாத்திய பின்
நடைபாதையில் டப்பா திறக்கும் சத்தம்: க்ளிக்.

அப்புறம் வில்யா.
பதினேழு வயது, பனிச்சறுக்குப் பந்தயக்காரி,
காரை இல்லை, சொத்தை இல்லை.
மூன்று, இரண்டு, இரண்டு.
பாராட்ட வாயெடுத்தவள்
கண்ணாடியைத் திருப்பி
மேல் முன்பற்களின் பின்பக்கம் பார்த்தேன்.
கரை நக்கிய கண்ணாடித் துண்டுபோல்
வழவழத்து, மெலிந்து,
விளக்கொளி அதன் ஊடாக வந்தது.

இருபத்திரண்டு ஆண்டு இந்த வேலை.
எலுமிச்சை இந்தப் பக்கத்தை மட்டும் தேடி வராது.
கோலாவும் வராது.
வயிற்றிலிருந்து மேலே வருவதுதான்
இந்த வழியாகப் போகும்.

கேட்டிருக்கலாம்.
வாயில் இரண்டு கருவியோடு
மல்லாந்து கிடப்பவளிடம்
எதைக் கேட்பது?
எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.
நாற்காலியை நிமிர்த்தினேன்.
முகமூடியை இறக்கிவிட்டு,
வானிலை சொல்வதுபோல் சொன்னேன்:

"வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்கக் கூடாது.
எனாமல் அப்போது இளகியிருக்கும்.
தண்ணீரில் கொப்பளி. பொறு."

அவள் காகிதக் கோப்பையைச்
சுற்றிச் சுற்றித் திருப்பினாள்.
உறிஞ்சுகுழாய் தன்பாட்டுக்கு இரைந்தது.
"எவ்வளவு நேரம்?" என்றாள்,
கோப்பையிடம்.

அரை மணி.

"அரை மணியா" என்றாள்.
பிறகு, "அவ்வளவு நேரம் அம்மாவுக்கு வாசனை தெரியுமே."
சொன்ன பிறகுதான்
தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

நான் கையுறையைக் கழற்றினேன்.
அவள் தோளில் கை வைத்தேனா,
நாற்காலியின் தோளிலா,
நினைவில்லை.
பள்ளி நர்ஸ் பெயரை எழுதிய சீட்டை
பிரஷ்ஷோடு சேர்த்து நீட்டினேன்.
பிரஷ்ஷை வாங்கிப் பையில் போட்டாள்.
சீட்டைச் சட்டைப்பைக்குள் மடித்தாள்,
சின்னதாக, இன்னும் சின்னதாக.

"அரிப்புக்குக் காரணம் என்ன போடட்டும்?" மாரித்.
இன்றைக்குக் காலியாக விடு.
மூன்று வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் கருப்பு ரொட்டி.
வலது பக்கமாக மெல்கிறேன்.
இடது பக்கம்
நவம்பரிலிருந்து கூசுகிறது.
யாராவது கேட்டால்
ஒன்றுமில்லை என்பேன்.