லொஃகொஸ்

வெலிங்டன், மகப்பேறு வார்டு, காலை மூன்றரை.
தமயந்தியின் தாளில்
மாலைப் பணிக்காரி எழுதிவைத்திருக்கிறாள்:
லோகியா, சிவப்பு, அளவு சாதாரணம்.
பதினோரு வருடமாக நானும் எழுதும் சொல்.
பேற்றுக்குப் பின் வடிகிற இரத்தத்துக்கு
ஏன் அந்தப் பெயரென்று
இந்த வாரம்தான் அகராதியைத் திறந்தேன்.

கிரேக்கம். மூலச்சொல் லொகொஸ்.
சர்ச்சில் பாதிரியார் விளக்குகிற சொல் அல்ல இது.
அதில் நாக்கு வழுக்கிப் போகும்,
இதில் தொண்டை கொஞ்சம் காறும்.
நம் ககரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
நடுவே ஓர் ஆய்தம் வைத்துப் பார்த்தேன்.
குறிலுக்குப் பின், வல்லினத்துக்கு முன்,
சரியாகப் படுத்துக்கொண்டது,
புதருக்குள் மூன்று பேர் மாதிரி.

ஏனென்றால் அதன் வேர், படுத்துக் கிடப்பது.
எதிரிக்காகப் பதுங்கிக் கிடப்பது முதலில்,
பிறகு பதுங்கும் இடம்,
பிறகு பதுங்கிய ஆட்கள்.
அவர்கள் எழுந்து வெயிலில் அணிவகுத்த பின்னும்
அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள்.
தலைவன் லொகாகொஸ்.
எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கிடை என்பதும் இப்படித்தான்,
ஆடு எழுந்து மேயப் போனாலும்
கிடை கிடைதான்.

அதே பத்தியில், ஓர் அரைப்புள்ளி தாண்டி,
பிரசவப் படுக்கை.

தமயந்தியின் கணவன் நாயக்.
"கொஞ்ச நாள் போன் எடுக்க மாட்டேன்" என்றானாம்.
எங்கே என்று அவள் கேட்கவில்லை.
கேட்கக்கூடாதென்று கல்யாணமான மாதமே பழகிவிட்டாள்.
இது ஒன்பதாம் நாள்.
முந்தாநாள் கரண்ட் போன ராத்திரியில்
இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாள், பதினெட்டு மணி நேரம்.
சத்தமே போடவில்லை.
"கத்தும்மா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.
கீழே தேயிலைக்குள் காட்டெருமை ஒன்று படுத்திருந்தது,
வாட்ச்மேன் டார்ச் அடித்ததும்
இரண்டு பச்சைக் கண்.
அவன் விளக்கை அணைத்துவிட்டு
வந்த வழியே பின்னால் நடந்தான்.

ஐந்தரைக்குப் பேரக்ஸில் பியூகிள் ஊதுகிறது.
பிள்ளை விழித்துக்கொள்கிறது, இரண்டு கிலோ எழுநூறு,
காதோரம் இன்னும் மெழுகு.
தமயந்தி தலையணைக்கடியில் போனைத் தடவுகிறாள்,
பார்க்கிறாள், திருப்பி வைக்கிறாள்.

"இது எத்தனை நாள் வடியும் சிஸ்டர்?"
"ஆறு வாரம் வரைக்கும். முதலில் சிவப்பு,
அப்புறம் பழுப்பு, கடைசியில் வெள்ளை."
விரல் விட்டு எண்ணுகிறாள்.
"வெள்ளைக்குள்ள லீவு கிடைச்சிரும்."

தாளில் தேதி போட்டு எழுதுகிறேன், லோகியா.
பேனா மை திட்டுத்திட்டாக விழுகிறது,
பக்கத்தில் மூன்று புள்ளி.
அடிக்காமல் விட்டேன்.