கட்டமில்லாத கணக்கு

சமஸ்தானத்துச் சம்பளப் பட்டியலில்
ஆமத் ஜுமா பந்து வீச்சாளன் அல்ல.
யானைக் கொட்டாரம், கரும்பு நிறுப்பவன்,
மாதம் பன்னிரண்டு ரூபாய்.
என் பெயர் நாலு வரி கீழே:
ஹரிப்ரசாத், அரண்மனை நூலகம்.
அப்படியொரு நூலகம் கட்டப்படவே இல்லை.
நான் ஸ்கோர் எழுதினேன்.

கோப்பைப் போட்டி தொடங்கி மூன்றாம் வருஷம்.
கத்தியவாரிலிருந்து கராச்சிக்குக் கப்பல்.
யுவராஜாவுக்கு மேலே அறை,
எங்களுக்குத் தளம், வேர்க்கடலை மூட்டைகள்.
ராத்திரி முழுக்க ஆமத்
ஒரு எலுமிச்சம்பழத்தை இடது கையால்
சுண்டிச் சுண்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.
தூங்கேன், என்றேன்.
பழம் இன்னும் தூங்கலையே, என்றான்.

கயிற்றுப்பாய் விரித்து ஆணியடித்த ஆடுகளம்.
வெயில் ஏற ஏறப் பாய் முறுக்கேறி
அவன் பந்து
வால் மிதிபட்ட பாம்பாய்த் திரும்பியது.
மட்டை விளிம்பில் பட்டு, ஸ்லிப்பில், யுவராஜா கையில்.
கையிலிருந்து தரையில்.
"கண்ணில் வெயில்" என்றார்.
சூரியன் அவர் முதுகுப்பக்கம் இருந்தது.
இரண்டாவதும் அவரிடமே.
சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது.
யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்கவும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஆமத் பந்தைக் கால்சட்டையில் துடைத்தான்
(பேண்டு வாத்தியக்காரரிடம் இரவல் வாங்கியது).
நாலடி நடந்தான், நின்றான்,
அதற்குப் பிறகு எதையும் திருப்பவில்லை.
நேராக, இன்னும் நேராக,
எவர் கையும் தேவைப்படாத பந்து.
நடுக்குச்சி பறந்தது.
மறு ஓவரில் யுவராஜா பந்தை வாங்கிக்கொண்டார்:
"இவனுக்கு இப்போ திரும்பறதே இல்லை."

முப்பத்தொன்பது ஓவர், அறுபத்தொரு ரன், ஒரு விக்கெட்.
ரன்னுக்குக் கட்டமுண்டு,
நோ-பாலுக்குக்கூட உண்டு,
நழுவியதற்கு இல்லை.
பென்சிலைச் சீவி
ஓரத்தில் மூன்று புள்ளி வைத்தேன்,
கேட்டால் தட்டிவிடும்படி, சின்னதாக.

கேட்டார் திவான்.
"ஈ எச்சம், ஹுசூர்."
கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார்.
இரண்டு போயிற்று.

மறுநாள் கொட்டாரத்துக்குப் போய் ஆமத்திடம் சொன்னேன்,
ஒன்று மட்டும் மிச்சம் என்று.
அவன் தராசு முள்ளிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"கரும்பு ஒரு கட்டுக் குறையுது," என்றான்,
"அதை எழுதிக்கோ.
அதுக்குக் கட்டம் இருக்கு."