ஒற்றைப்படைப் பக்கம்

மூன்று நிமிடம், என்றார் பள்ளி வாரியத் தலைவர்.
மேசைமேல் ஒரு சின்ன விளக்கு:
பச்சை எரிந்தால் பேசலாம்,
மஞ்சளில் முடிக்கப் பார்க்கவேண்டும்,
சிவப்பில் உட்கார்ந்துவிடவேண்டும்.

என் பெயர் மார்சி வித்கோவ்ஸ்கி.
டெக்கர் தெரு, 417.
இருபத்திரண்டு வருடமாக இந்த டொலிடோவில்
தபால் போட்டுத் தேய்ந்த கால்கள் இவை.
எங்கள் தெருவும் என் சுற்றில்தான்.
உறையைத் தொட்டாலே தெரியும்,
எந்த வீட்டில் மின்சாரம் போகப்போகிறது,
எந்த வீட்டுக்கு நீதிமன்றம் தேதி குறித்திருக்கிறது.

எங்கள் தெருவின் நடுவே ஒரு கோடு போகிறது.
யாரும் சாயம் அடித்ததில்லை.
தார் வெடிப்பில் தேடினாலும் கிடைக்காது.
ஒற்றைப்படை எண்கள் பெல்மோர் பள்ளிக்கு,
இரட்டைப்படை எண்கள் ஹாவ்லிக்கு.
பெல்மோரில் வயலின் வகுப்பு உண்டு.
ஹாவ்லியில், நான் கடைசியாகப் போனபோது,
உடற்பயிற்சிக் கூடத்தில் நான்கு வாளிகள் இருந்தன.
யாரோ ஒரு பிள்ளை பெயர் எழுதி ஒட்டியிருந்தது:
ஃபிராங்க், பெரிய ஃபிராங்க், டோரிஸ், மேயர்.
கூரை ஒழுகும் நாளில்
எது முதலில் நிறையும் என்று பந்தயமாம்.
பெரும்பாலும் மேயர்தான் கடைசி.

கூடம் சிரித்தது.
எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று.
டோரிஸின் கைப்பிடி உடைந்த கதையையும் சொன்னேன்.
மஞ்சள் எரிந்தது.

சொல்ல வந்தது வேறு.

எதிர்வீடு 418.
அதே கொத்தனார், அதே வருடம், அதே மூன்று அறை,
என் சமையலறையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி.
விலை மட்டும் நாற்பதாயிரம் டாலர் குறைவு.
அட்லாண்டாவிலிருந்து ஒரு நிறுவனம் வாங்கிப்போட்டது.
அதற்கு முகம் இல்லை, ஒரு தபால் பெட்டி எண் உண்டு.
ஆறு வருடத்தில் ஐந்து குடும்பம்.
போனவர்களின் கடிதங்களில் மஞ்சள் பட்டை ஒட்டி ஒட்டி
அந்த வீட்டின் வரலாற்றை நான்தான் எழுதினேன்.

இப்போது அங்கே லவோன் பெட்டவே,
மருத்துவமனையில் இரவு வேலை.
மகன் ஓரியனுக்கு எட்டு வயது.
415இல் ஹனீனுக்கும் எட்டு.
கோடை முழுக்க இருவருக்கும் ஒரே சைக்கிள்.
செப்டம்பரில் ஒரே முனையில் நிற்கிறார்கள்.
ஏழு பத்துக்கு ஒரு பேருந்து,
ஏழு இருபத்தைந்துக்கு இன்னொன்று.
இரண்டும் மஞ்சள்தான்.

அக்டோபரில் ஒரு யோசனை வந்தது,
கோட்டை இரண்டு தெரு கிழக்கே தள்ளலாம் என்று.
அவ்வளவுதான். பென்சில் அசைய வேண்டிய தூரம்.
வேண்டாம் என்றொரு மனு வீடு வீடாக வந்தது.
அதில் 'விலை' என்ற சொல் கிடையாது.
'பாரம்பரியம்' மூன்று தடவை.
பதினான்காவது கையெழுத்து என்னுடையது.

பதினெட்டு வருடம் முன்பு தரகர் சொன்னார்:
"நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, பள்ளியை."
பள்ளியில் என் மகன் படித்து முடித்துப் போய்விட்டான்.
வயலினைத் தொட்டதுகூட இல்லை.
ஆனாலும் கோடு இன்னும் என்னுடையதாம்.
என் முட்டி அறுவைக்கான பணம் அதில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லத்தான்
மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகினேன்.
"வாக்கெடுப்பு அடுத்த வாரம்.
என் பெயரை அடித்துவிடுங்கள்."
முழுதாக எட்டு விநாடிகூட ஆகாது,
கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பு.
நன்றி, திருமதி வித்கோவ்ஸ்கி, என்றார் தலைவர்.
வாளிகளைப் பற்றிக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பனி நின்றிருந்தது.
லவோனின் பனி ஒதுக்கும் இயந்திரம்
நான்கு நாளாக என் கொட்டகையில்.
தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.
நடுவில் சக்கரம் ஒருமுறை சிக்கிற்று.
வெறும் பனிக்கட்டி.

வேலைக்குக் கிளம்பும் சீருடையில்
கதவைத் திறந்தாள்.
"கூட்டத்துக்குப் போனாயாமே?
என்ன பேசினாய்?"

பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன், என்றேன்.