நூற்றுப் பதினேழாவது வண்டி

ஜீரோ கேட்டுக்கு முன்னால் நூற்றுப் பதினாறு டிரெய்லர்.
எண்ணியது நானில்லை,
டீ கேன் கட்டிய சைக்கிளில்
வரிசையைத் தைத்துக்கொண்டே வரும் ரெபேக்காள்.
"இன்னா டிரைவரே, விடியறதுக்குள்ள நீ உள்ள பூந்துட்டா
எம்பேர மாத்தி வச்சுக்கறேன்."

எஞ்சினை அணைத்தேன்.
சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில்,
அதில் சுற்றிய தங்கூசி நரம்பு,
ஈயக்குண்டுக்குப் பதில் தேய்ந்த நட்டுகள்.
காசிமேட்டில் இருபது ரூபாய்க்கு வாங்கிய இறால்
மாலையிலிருந்தே கேபினில்
தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ரோட்டைத் தாண்டினால் கல்.
கடல் வீடுகளைத் தின்ற பிறகு கொண்டுவந்து கொட்டிய கல்,
ஒவ்வொன்றும் ஒரு ஆட்டோ அளவு.
எந்த மலையின் எந்தப் பக்கமோ.
லாரியில்தான் வந்திருக்கும்.
எவனோ ஒருத்தன் டீசல் கணக்குப் பார்த்தபடி ஓட்டி வந்திருப்பான்.
அவன் லோடின் மேல் உட்கார்ந்து
நான் இறாலின் தலையைக் கிள்ளினேன்.

முதல் வீச்சைக் கல் வாங்கிக்கொண்டது.
இரண்டாவதையும்.
"தண்ணி வன்னிடா. தெக்கால இழுக்குது.
வடக்கப் பாத்து வீசு, தானா எறங்கும்"
என்றாள் ரெபேக்காள்,
தன் நரம்பைச் சைக்கிள் மணியின் நாக்கில் கட்டியபடி.
மணி அடித்தால் மீன்.
அதுவரை டீ.

மேற்கே மணலியில், புகைபோக்கி உச்சியில்
ஒரு தீ
யாருக்கும் சமைக்காமல் எரிகிறது.
கிழக்கே நங்கூரமிட்ட கப்பல்கள்.
எனக்கு இங்கே வரிசை, அதுகளுக்கு அங்கே.
கல்லிடுக்கில் எலிகள்
என் இறாலின் விலை விசாரித்துப் போயின.

ஹாரன். வரிசை நகர்ந்தது, நாலு வண்டி நீளம்.
ஓடி, ஏறி, நகர்த்தி, அணைத்து, இறங்கி,
வேறு கல்.
அரை மணி கழித்து ஆறு வண்டி.
வேறு கல்.
பவர்குப்பத்து நாய்கள் குரைத்து அலுத்து
என்னை ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொண்டன.
ரெபேக்காளும் கூடவே நகர்ந்தாள்,
வியாபாரம் வரிசையோடுதானே.

மூன்று மணிக்கு நரம்பு உயிர்த்தது.
கொத்தல் கிடையாது, ஒரே இழுப்பு.
ஆட்காட்டி விரலை அறுத்துக்கொண்டு ஓடி
கல்லுக்கடியில் போய்
நின்றுவிட்டது.
இழுத்தால் அறும். தளர்த்தினால் போகும்.
கீழே அது, மேலே நான்,
நடுவில் நாற்பது ரூபாய் நரம்பு,
இரண்டு பேருக்கும் அவசரமில்லை.

பின்னால் ஒரு ஹாரன்.
பிறகு இருபது.
திரும்பினால் என் வண்டிக்கு முன்னால் ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது.
எனக்குப் பின்னால் நிற்கும் நெல்லூர் வண்டிக்காரன்
தெலுங்கில் என் குலத்தையே இறக்கிக்கொண்டிருந்தான்.

ரெபேக்காள் டம்ளரைக் கல்லில் வைத்தாள்.
"குடு இங்க."

கை மாறியது மீனுக்கும் தெரிந்திருக்கும்.
ஒரு உலுக்கல்.
பிறகு அவள் விரல்களுக்குப் பழகிக்கொண்டது.

இந்த முறை வரிசை நிற்கவேயில்லை.
இருபது வண்டி, நாற்பது வண்டி.
கண்ணாடியில் அவள் நெற்றி டார்ச்
குனிந்தே இருந்தது,
அப்புறம் வளைவு.

கேட்டில் சீலைத் தடவிப் பார்த்தவன்
என் கையை முகர்ந்ததுபோல் மூக்கைச் சுளித்தான்.
"உள்ள இன்னா?"
"பேப்பர்ல இருக்கு சார்."
பெட்டிக்குள் இருப்பது எனக்குத் தெரியாது.
கல்லுக்கடியில் இருந்ததும் தெரியாது.
கலவாவாக இருக்கலாம். கொடுவா என்றால்
அவள் வீட்டில் இரண்டு நாள் குழம்பு.
விலாங்கென்றால் திட்டிக்கொண்டே அறுத்து விட்டிருப்பாள்.

இன்னும் விடியவில்லை.
ரெபேக்காளுக்கு இனி வேறு பெயர் தேட வேண்டும்.
இரண்டு டீக்குக் காசும் தர வேண்டும்.

யார்டுக்குள் கியர் மாற்றும்போதெல்லாம்
விரல் எரிந்தது.
அந்த எரிச்சலை வைத்துத்தான் சொல்கிறேன்,
பெருசு.