ஏழரை மணித்தியாலம்

கப்பல் ஒன்பதுக்கு அணையும்,
நாலரைக்குக் கயிறு கழற்றும்.
நடுவில் ஏழரை மணித்தியாலம் என்றேன்.
"ஏழரை எண்டு சொல்லாதீங்கோ" என்றாள் தில்லைமலர்,
"எட்டுக்குக் கொஞ்சம் குறைவு எண்டு சொல்லுங்கோ."
அப்படியே எழுதினேன்,
கூட்டுறவுச் சங்கக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்
நோர்வேயின் ஒரு பகலை.

இருபத்திரண்டு வருடமாய்ப் பைலட் படகு ஓட்டுகிறேன்.
குடாவின் வாயில் கப்பலைச் சந்தித்து
கயிற்றேணியில் பைலட்டை ஏற்றிவிட்டுத் திரும்புவது வேலை.
உல்லாசக் கப்பல்களும் வரும்.
மூக்கில் வெள்ளைப் பூச்சோடு இறங்குவார்கள்.
கோணேசர் மலையில் அரை மணி,
பஸ் நிலையத்து மானோடு ஒரு படம்,
செவ்விளநீர் பாதி குடிக்கும்போதே
பஸ்காரன் கைகாட்டுவான்.
திருக்கோணமலை பார்த்தாயிற்று.
இதுக்கோ இவ்வளவு தூரம் என்று சிரித்திருக்கிறேன்.
இப்போது பென்சில் என் கையில்.

லண்டனில் இரவு வேலை செய்து மயூரதி கட்டிய காசு.
நாலு பேருக்கு ஓர் உள்ளறை, யன்னல் இல்லை.
யன்னல் எதுக்கு, கடல்தானே,
என்று சொன்னவன் நான்தான்.

ஒலெசுண்ட்.
சொல்லிப் பழகவே இரண்டு கிழமை.
அபிநயன் படத்தைப் பெருப்பித்துக் காட்டினான்:
தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் மலை,
அடிவாரத்தோடு உரசிப் போகிற கப்பல்.
"எங்கட உள்துறைமுகம் மாதிரித்தான்,
மேல கொஞ்சம் பனி கொட்டினா."
அவன் நம்பவில்லை.
அவனுக்கு நானூற்றுப் பதினெட்டுப் படி ஏறி
உச்சியில் நிற்க வேண்டும்.
மயூரதிக்கு மீன்காட்சிச்சாலை.
காசு குடுத்து மீன் பாக்கவோ என்று வெட்டினேன்,
போனிலேயே திரும்ப எழுத வைத்தாள்.
எனக்கு, சொன்னால் சிரிப்பார்கள்,
அந்த ஊர்ப் பைலட் படகைப் பார்க்க வேண்டும்.
என்ன எஞ்சின், எத்தனை பேர்,
குளிருக்குக் கையில் என்ன மாட்டுகிறார்கள்.

தில்லைமலர் சூடைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள்:
"தம்பி வீடு ஜெட்டியில இருந்து எவ்வளவு?"

பஸ்ஸில் நாற்பது நிமிடம்.
போக நாற்பது, வர நாற்பது,
கப்பலேற அரை மணி முன்னதாக.
கழித்தேன்.
படி ஏறினால் தம்பிக்கு மூன்றரை.
மீனும் பார்த்தால் இரண்டு.

ஜெயசீலன் போனது தொண்ணூற்றேழில்.
மீன் தொழிற்சாலை, பிறகு அதே தொழிற்சாலை,
இப்போதும் அதே.
அவன் வருவதில்லை.
ஏன் என்று இந்த வீட்டில் கேட்பதில்லை.
"ரெண்டு மணித்தியாலமோ?
சோறு வடிக்கவே அரை மணி போயிடும்.
அவன்ர அடுப்பில ஒரு சொதி வைக்கவேணும் நான்.
நீங்கள் எந்தப் படியெண்டாலும் ஏறுங்கோ."

விசாப் படிவத்தில் ஒரு கேள்வி, பயணத்தின் நோக்கம்.
அபிநயன் 'சுற்றுலா' என்று அமத்தினான்.
அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள்.
சொதிக்குப் பெட்டி இல்லை.

இரவு ஜெயசீலன் எடுத்தான்.
லீவு போட்டாயிற்றாம், ஜெட்டியிலேயே நிற்பானாம்.
ஒன்றும் கொண்டுவர வேண்டாமாம்.
கொஞ்ச நேரம் கதையில்லை. பிறகு,
"அக்கா, மான் இன்னும் பஸ் ஸ்டாண்டில படுக்குதோ?"
"படுக்குது."
"பொலித்தீன் தின்னுதோ?"
"தின்னுது."
"ம்" என்றான், நல்ல செய்தி கேட்டவன் போல.

பிந்தியவர்களைக் கண்டிருக்கிறேன்.
இங்கே ஒருத்தி, செருப்பைக் கையில் பிடித்தபடி
ஜெட்டி முழு நீளமும் ஓடி வந்தாள்.
கடைசிக் கயிறும் தண்ணீரில் விழுந்துவிட்டது.
கப்பல் ஆருக்கும் நிற்காது.
அவளுடைய பாஸ்போர்ட் உள்ளே, அறைப் பெட்டகத்தில்.
சரியாய் அலைந்தாள் பாவம்.

எங்கள் கப்பலின் அடுத்த துறை பேர்கன்,
மறுநாள் காலை எட்டு மணி.
தரைவழியும் உண்டு. விசாரித்து வைத்திருக்கிறேன்,
தாளில் எழுதவில்லை.

தில்லைமலருக்குச் சொன்னது இவ்வளவுதான்:
"உன்ர பாஸ்போர்ட்டை அறையில வையாதை,
கைப்பைக்குள்ள வை.
மாத்துடுப்பு ஒண்டும்."
"ஏன்?" என்றாள்.
"மழை ஊர்" என்றேன்.